நாற்பத்து மூன்றாம் கிளை

மன்னார்குடி கல்யாண மண்டபத்து மாடியில்
ஐந்து நாள் வகுப்பு.
மதியம் புளிசாதம், மாலையில் பரீட்சை.
கடைசி நாள் ஒரு நீலப்பை கொடுத்தார்கள்.
முப்பது மூக்குக்கண்ணாடி, எழுத்துப் பலகை,
ரசீதுப் புத்தகம், கழுத்தில் மாட்ட ஓர் அட்டை.
அட்டையில் என் பெயருக்கு மேலே
கிளை எண் 43.

கிளை என்றால் எனக்குத் தெரியும்.
நீடாமங்கலத்தில் ஆறு மூன்றாய்ப் பிரிய
பாமணியாற்றின் கடைசி வாய்க்கால் எங்களுடையது.
தண்ணீர் வரும்,
வந்துவிட்டது என்று மேலூர்கள்
பேசி ஓய்ந்த பிறகு.

நூற்று எண்பதில் எனக்கு ஐம்பது.
ஒத்திகைக் கணக்கில் எல்லாம் எழுதியிருந்தேன்,
ஷேர் ஆட்டோ, டீ, செல்போன் ரீசார்ஜ்.
ஜெனிட்டா மேடம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"உங்க கூலி எந்த வரியில இருக்கு?"
நானும் தாளின் பின்பக்கம் தேடினேன்.
வகுப்பு சிரித்தது.
அவர் சிரிக்கவில்லை.

புத்தகம் சொன்னபடியே செய்தேன் முதல் வாரம்.
ஒரு முழ தூரத்தில் பலகையைப் பிடி,
கடைசி வரியைப் படிக்கச் சொல்.
"கடைசி வரி கெடக்கட்டும்,
மொத வரியே என்னிக்கும் எங்கிட்ட பேசினதில்ல"
என்றாள் காத்தாயி.
அடுத்த வீட்டில் ஒருத்தி
பலகையைக் கண்டதும் அடுப்பைப் பார்க்கப் போனவள்
திரும்ப வரவில்லை.
விற்றது பூஜ்யம்.

எட்டாம் நாள் பலகையை
ஊறுகாய்ப் பானைக்கு மூடியாக்கிவிட்டு
ஓர் ஊசியும் கறுப்பு நூலும் எடுத்துப் போனேன்.
வைரக்கண்ணு நூலை எச்சில் தொட்டு முறுக்கி
ஆறு தடவை காற்றைக் கோத்தாள்.
இரண்டாம் நம்பர் கண்ணாடியை மாட்டிவிட்டேன்.
நூல் போனது.
அவள் ஊசியை விட்டுவிட்டு
முறத்து அரிசியைப் பார்த்தாள்,
உள்ளங்கையைப் பார்த்தாள்,
புருஷனைப் பார்த்தாள்.
"எப்படா இவ்வளவு நரைச்சே?"

அன்றைக்கே நான்கு போனது.
மாதக் கடைசியில் பதினொன்று போயிருந்தது,
பாதிக்கு மேல் குறுவை அறுத்ததும் தருவதாக.
தலைமை அலுவலகம் ஷட்டரை இறக்கியது:
பாக்கி வராமல் சரக்கு வராது.
கடன் இல்லை என்று
சொந்த நாத்தனார் முகத்துக்கு நேரே சொன்ன அன்று
இரவுச் சோறு இறங்கவில்லை.
அதற்கு எந்த வகுப்பும் கிடையாது.

அன்வர் சார் பைக்கில் வந்தார்.
"பலகை எங்கே?"
பானையைக் காட்டினேன்.
வழிமுறை மீறல் என்று எழுதிக்கொண்டார்.
பிறகு இரண்டு வீடு கூடவே வந்து
ஒன்றும் பேசாமல் பார்த்தார்.
டீக்குக் காசு அவரே கொடுத்தார்.

தை மாதம் மறுபடி மண்டபம், புதுப் புத்தகம்.
பதினோராம் பக்கத்தில் ஒரு கை, ஓர் ஊசி, ஒரு நூல்.
அனைத்துக் கிளைகளும் பின்பற்றவும்.
பெயர் எதுவும் இல்லை.
கேட்டேன்.
அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள்.
சரி, ஊசிக்கு ஆகும் செலவு யார் கணக்கு என்றேன்.
அந்த மாதத்திலிருந்து
பையோடு ஓர் ஊசிப் பொட்டலமும் வருகிறது, இலவசம்.

எங்கள் ஆற்றில்
கீழிருந்து மேலே ஏறுவது
கோடையில் கடல் மட்டும்தான், உப்பாக.
இந்தத் தடவை ஓர் ஊசி ஏறிப் போயிருக்கிறது.

இன்றைய கணக்கு:
விற்றது மூன்று.
ஆட்டோ இருபது, டீ பத்து.
என் கூலி நூறு.
லாபம் இருபது.
'கூலி' என்று எழுதும்போது
எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.
பையைத் திறந்து
ஒன்றரை நம்பர் ஒன்று எடுத்து மாட்டிக்கொண்டேன்.
முழு விலை,
இந்த மாதக் கூலியிலிருந்து.
ரசீது போட்டாயிற்று.

வாங்கியவர்: தையல்நாயகி.
விற்றவர்: கிளை 43.